தட்டாமாலை சுற்றிய என் ஓரகத்தி

எந்த வீட்டுக்குப் போனாலும் தீர்த்தம்மாள் அக்கா வாசற்படிக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். கல்யாண மண்டபத்தில் பந்தியின் கடைசி இலை அவருடையது. கோயிலில் கூட்டம் சேர்ந்துவிட்டால் வெளியிலேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். உள்ளே வாங்க என்று யார் கூப்பிட்டாலும், "இங்கியே காத்து வருது" என்பார். காற்றே வராத இடத்திலும் அதையேதான் சொல்வார். எட்டு வருடமாக இதை நான் கவனித்து வந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை.

அக்கா என் கணவரின் அண்ணன் மனைவி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் வாசல் ஒன்றுதான். இண்டூருக்கு மேற்கே, பென்னாகரம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். அக்காவின் கணவர் வெங்கடாசலம் மாமா ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை விடியற்காலை போய்விடுவார். ஒன்றரை ஏக்கர் மல்பெரித் தோட்டமும், அதற்குப் பக்கத்தில் இருக்கிற பட்டுப்புழு மனையும் முழுக்க அக்காவின் பொறுப்பு.

புழு வளர்ப்பில் அக்காவுக்கு இருக்கிற கைப்பக்குவம் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. ஒரு கூட்டை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். உள்ளே புழு கூட்டுப்புழுவாக மாறிவிட்டதா, இன்னும் ஒரு நாள் விட வேண்டுமா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார். தர்மபுரி மார்க்கெட்டுக்குப் பட்டுக்கூட்டைத் தனியாகக் கொண்டுபோய் ஏலம் விட்டு வந்த முதல் பெண் எங்கள் ஊரில் அவர்தான். நான் மருமகளாக வந்த புதிதில், இரண்டு கைகளிலும் மூட்டையோடு அவர் பஸ் ஏறுவதைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றிருக்கிறேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பங்குனி மாதம் அந்தப் பஸ்ஸிலேயே அவருக்கு அது வந்தது. ஒகேனக்கல்லிலிருந்து வந்த பஸ். அருவியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு ஏறிய கூட்டம் கால் வைக்க இடமில்லாமல் நின்றது. பாதி வழியில் அக்காவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கை மரத்தது. மூச்சு உள்ளே போகவில்லை. சாகப்போகிறோம் என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்ததாம். பஸ்ஸை நிறுத்தி இறக்கி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு இருதயத்தில் ஒன்றுமில்லை, கேஸ் ட்ரபிள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு இன்னும் ஐந்து முறை இ.சி.ஜி. எடுத்தார்கள். ஆறு காகிதமும் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருந்தன. ஆறிலும் ஒரே பதில். எலுமிச்சம்பழம் மந்திரித்து மடியில் முடிந்துவிட்டார்கள், கயிறு கட்டினார்கள். ஆனாலும் பஸ் என்று நினைத்தாலே அக்காவுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

பஸ் ஏறுவதை நிறுத்திவிட்டார். கேட்டவர்களிடம் முட்டி வலி என்றார். வெளியே தெரிவதற்காக முட்டியில் ஒரு பட்டைத்துணியும் சுற்றிக்கொண்டார். சில நாள் அது இடது முட்டியில் இருக்கும், சில நாள் வலது முட்டியில் இருக்கும். இதையும் நான் பார்த்தேன். இதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

கூட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்துவந்தார். போன வருடம் பொங்கல் முடிந்ததும் அவர் வண்டியை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு பெங்களூர் போய்விட்டார். அந்த வாரம் ஓசூரிலிருந்து வந்த மாமா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"கூடு கொண்டுபோவ ஆளில்லாம இந்தப் புழு எதுக்கு? நானும் லீவு போட்டுப் போட்டு வர முடியாது. ஆடி பொறக்கறதுக்குள்ள நீ மார்க்கெட்டுக்குப் போயி வந்தீன்னா சரி. இல்லன்னா செடியப் புடுங்கிட்டுக் குச்சிக்கெழங்கு போட்டுர்றேன்."

"எம் முட்டி..."

"எந்த முட்டி?" என்று கேட்டார் மாமா.

மாமா கெட்டவர் இல்லை. மரவள்ளிக் கிழங்கு என்றால் நட்டுவிட்டால் போதும், யாரும் மூட்டை தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் அக்கா மல்பெரி வரிசைக்கு நடுவில் போய் நின்று இலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு நான் வாழ்க்கையில் முதல் தடவையாக வலியப் போய் ஒரு விஷயம் பேசினேன். பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மேடம் வருகிறார், நெஞ்சு படபடப்புக்குப் பேசிப் பார்த்துச் சரி செய்கிறாராம் என்று நர்ஸ் சொன்னதைச் சொன்னேன்.

"அவங்க பைத்தியத்துக்குப் பாக்கறவங்க புள்ள" என்றார் அக்கா.

"செடியப் புடுங்கிருவாங்கக்கா" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. அது போதுமானதாக இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு கிலோமீட்டர் நடந்தே போனோம். அங்கே பெஞ்சில் ஒருவர் துண்டைத் தலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர் தண்ணீர்த்தொட்டி ஆபரேட்டர் மாரியப்பன் அண்ணன். அக்காவைப் பார்த்ததும் துண்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஏண்ணே, நீங்களா?"

"நான் சளிக்கு வந்தேம்மா. நீ?"

"நான் முட்டிக்கு."

இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து நர்ஸ், "நெஞ்சுப் படபடப்புக்கு வந்தவங்கல்லாம் வாங்க" என்று கூப்பிட்டதும் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். மாரியப்பன் அண்ணனுக்கு மேல்நிலைத் தொட்டியின் ஏணியில் பாதி ஏறியதும் அதே படபடப்பு வருமாம். மாதம் இரண்டு முறை ஏறிக் கழுவ வேண்டிய தொட்டிக்கு, ஒரு வருடமாகத் தன் மச்சானை ஏற்றிக்கொண்டிருந்தார்.

அந்த மேடத்தின் பெயர் பூவிழி. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். சேலத்திலிருந்து பஸ் மாறி மாறி வருகிறவர். ஆறு இ.சி.ஜி. காகிதத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"உங்க இருதயம் நல்லாருக்குங்க. இது திடீர்னு வர்ற பீதி. நெறைய பேருக்கு வருது. இதுக்கு ரெண்டு விதமான வைத்தியம் இருக்கு. ரெண்டுமே பேச்சும் பழக்கமும்தான், ஊசி கெடையாது. எது கூடுதலாப் பலன் குடுக்குதுன்னு பல ஊருலயும் ஒப்பிட்டுப் பாக்கறோம். அதனால நீங்க சம்மதிச்சா சீட்டு எடுக்கணும். வந்த சீட்டுப்படி பன்னெண்டு வாரம்."

"ஏலச்சீட்டு மாதிரியாம்மா?" என்றார் மாரியப்பன் அண்ணன்.

"குலுக்கல் மாதிரிங்க. தள்ளுபடி கெடையாது."

மாரியப்பன் அண்ணனுக்கு மூச்சுப் பயிற்சிச் சீட்டு வந்தது. பாயில் படுத்துக்கொண்டு கால் விரலிலிருந்து நெற்றி வரை ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்துவது, வயிற்றால் மெதுவாக மூச்சு விடுவது. அக்காவுக்கு வந்த சீட்டு வேறு மாதிரி. பயத்தைத் தானே வரவழைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் நின்ற இடத்தில் சுற்ற வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜூஸ் குடிக்கிற குழாய் வழியாக மூச்சு விட வேண்டும். வேகவேகமாக மேல்மூச்சு வாங்க வேண்டும். அப்புறம் படிப்படியாகப் பஸ்.

"நெஞ்சு அடிச்சிக்கிட்டாத்தான் எனக்கு உசுரே போவுது. நீங்க அதையே வரவைக்கச் சொல்றீங்களே மேடம்!"

"உங்களுக்குப் பஸ் மேல பயம் இல்லீங்க. நெஞ்சு அடிக்கறது மேலதான் பயம். அடிச்சா செத்துருவோம்னு ஒடம்பு நம்பிக்கிட்டு இருக்கு. அடிச்சும் ஒண்ணும் ஆவலன்னு அதுக்கு நீங்கதான் காட்டணும். சின்ன வயசுல தட்டாமாலை சுத்தியிருப்பீங்கல்ல? அப்பத் தலை சுத்தினா சிரிச்சீங்க. இப்ப அதே சுத்தலுக்கு ஆஸ்பத்திரி போறீங்க."

வெளியே வந்ததும் அக்கா மாரியப்பன் அண்ணனிடம் கெஞ்சினார். "எஞ்சீட்ட நீங்க எடுத்துக்கங்கண்ணே."

"போம்மா. ஆயுசுல எனக்கு ஒரு சீட்டு நல்லதா வுழுந்திருக்கு."

வீட்டில் செய்ததைத் தினமும் ஒரு தாளில் குறிக்க வேண்டும். பயம் பத்துக்கு எவ்வளவு, என்ன ஆகும் என்று நினைத்தோம், என்ன ஆனது. அக்காவுக்கு எழுத வராது என்பதால் நான் எழுதினேன். மூன்று வாரத்தில் மாரியப்பன் அண்ணன் நன்றாகத் தூங்குகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அக்காவுக்கோ முன்பைவிட மோசமாக இருந்தது. சுற்றி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுவார். தாளில் பத்துக்கு ஒன்பது என்று நான் எழுதப் போனால், "மூணுன்னு எழுதிரு. பாவம், அந்தப் பொண்ணு அத்தன தூரத்துல இருந்து வருது. கொறையவே இல்லன்னு எந்த மொகத்த வச்சிக்கிட்டுச் சொல்றது?" என்பார். நானும் மூன்று என்று எழுதினேன். எங்களுக்கு அது மரியாதையாகத் தெரிந்தது.

பூவிழி மேடம் தாளைப் பார்த்தார். அக்காவின் கையைப் பார்த்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"புழு சரியா எல தின்னலன்னா, எனக்காகத் தின்னுச்சுன்னு சொல்வீங்களாக்கா?"

"அதெப்படி? நோவு தெரியாமப் போயிருமே."

"அப்ப இதுவும் அப்படித்தான்."

மறுநாளிலிருந்து அக்கா ஒன்பது என்றால் ஒன்பது என்றே எழுதச் சொன்னார்.

ஐந்தாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்துக் கூந்தலை விரித்துவிட்டிருந்தார் அக்கா. புழு மனைக்குப் பின்னால் இருக்கிற களத்தில் நின்று சுற்ற ஆரம்பித்தார். நான் கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டு தள்ளி நின்றேன். ஒரு நிமிடம் சுற்றியதும் அடுத்தது மேல்மூச்சு. முடி முகத்தில் விழ, வாயைத் திறந்து அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, ஆட்டுக்குத் தழை ஒடிக்க வந்த ராணியம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டார்.

"அய்யய்யோ, தீர்த்தாவுக்கு சாமி வந்துருச்சு! ஓடியாங்க, ஓடியாங்க!"

நான் வாயைத் திறப்பதற்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். யாரோ ஒரு சொம்பு மஞ்சத்தண்ணியைக் கொண்டுவந்து அக்காவின் தலையில் ஊற்றினார்கள். யாரோ வேப்பிலையைக் கையில் திணித்தார்கள். ராணியம்மாள் நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்துவிட்டார்.

"ஆத்தா, வந்திருக்கறது யாரு? மாரியா, காளியா? எம்மவனுக்கு எப்பப் பொண்ணு அமையும்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ ஆத்தா!"

அக்கா தடுமாறிக்கொண்டு நின்றார். தலை சுற்றல் அடங்கவில்லை. மஞ்சத்தண்ணி மூக்கில் வழிந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிடத்தில் அவர் சும்மா தலையை ஆட்டியிருந்தால் போதும். சாமி வருகிற பொம்பளை ஏன் பஸ் ஏறவில்லை என்று இந்த ஊரில் எவரும் கேட்க மாட்டார்கள். மாமாவும் கேட்க மாட்டார். முட்டித் துணிகூடத் தேவையில்லை. எட்டு வருட வெட்கமும் அன்றைக்கே மரியாதையாக மாறியிருக்கும். அந்த எண்ணம் அக்காவின் கண்ணில் வந்துபோனதை நான் பார்த்தேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"எந்திரி ராணியக்கா. எனக்கு சாமி வரல. வந்தா நானே சொல்றேன். இது ஆஸ்பத்திரியில குடுத்த பாடம்."

"பாடமா? ஆத்தா சோதிக்கறா!"

"ஆத்தாவும் இல்ல, சோதனையும் இல்ல. உம்மவனுக்குப் பொண்ணு அமையணும்னா மொதல்ல அவனக் குடிய வுடச் சொல்லு."

"பாத்தீங்களா, சொல்லிருச்சு!" என்று ராணியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அக்காவும் சிரித்தார். அப்புறம் அவர் செய்ததுதான் நான் இதை எழுதுவதற்குக் காரணம். வேப்பிலையைக் கீழே வைத்தார். இடுப்பில் சேலையைச் செருகினார்.

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க. எனக்கு முட்டி வலியெல்லாம் ஒண்ணும் கெடையாது. நெஞ்சு அடிச்சிக்கும், செத்துருவேன்னு பயம் வரும், அதான் பஸ் ஏறல. இப்ப மறுபடியும் சுத்தப்போறேன். நெஞ்சு அடிக்கும், கை நடுங்கும், மூஞ்சி வெளுத்துப்போவும். யாரும் புடிக்கக்கூடாது. தண்ணி ஊத்தக்கூடாது. பாருங்க, சாவறனா இல்லையான்னு."

சுற்றினார். அத்தனை பேர் பார்க்க, ஈரப் புடவையோடு ஒரு நிமிடம் முழுக்கச் சுற்றினார். நின்றார். முகம் வெளுத்தது. கை நடுங்கியது. யாரும் அசையவில்லை. ஒரு ஆடு மட்டும் கீழே கிடந்த வேப்பிலையைத் தின்றது. மூன்று, நான்கு நிமிடத்தில் மூச்சு சீரானது. "அவ்வளவுதான்" என்றார். என் பக்கம் திரும்பி, "ஏழுன்னு எழுதிக்க புள்ள" என்றார்.

அதற்குப் பிறகு எண்ணிக்கை மெல்ல இறங்கியது. ஆறு, நான்கு, சில நாள் மறுபடியும் ஏழு. நிறுத்தத்தில் போய் நின்று பஸ்ஸைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு ஏறி ஒரே ஒரு நிறுத்தம் போய் இறங்கி நடந்து வந்தார். நானும் கூடவே போனேன். பூவிழி மேடத்துக்கு அது தெரிந்ததும், "நீங்க கூடப் போனா, நீங்க இருந்ததாலதான் பொழச்சேன்னு அவங்க ஒடம்பு நெனச்சுக்கும். இனிமே வூட்டுலயே இருங்க" என்று எனக்குச் சொல்லிவிட்டார். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

ஆனி மாதம் கூடு இறங்கியது. நல்ல கூடு. கெட்டியாக, வெள்ளையாக, இரண்டு மூட்டை. நாள் தள்ளினால் உள்ளே இருக்கிற பூச்சி ஓட்டை போட்டு வெளியே வந்துவிடும். பிறகு அந்தக் கூட்டை யாரும் வாங்க மாட்டார்கள். புதன்கிழமை காலையில் அக்கா பட்டைத்துணி இல்லாமல், எலுமிச்சம்பழம் இல்லாமல், நான் இல்லாமல் நிறுத்தத்தில் நின்றார். நான் ரோட்டோர வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வந்தது ஒகேனக்கல் பஸ். படியில் ஆள் தொங்கியது.

"யம்மா, கூட்டு மூட்டையோட படியில நிக்காதீங்க, நசுங்கிரும். நடுவுல போங்க, நடுவுல" என்று கண்டக்டர் கத்தியது எனக்குக் கேட்டது. அக்கா உள்ளே போவது தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

ஒரு மணி நேரம் அடுப்பில் என்ன வைத்தேன் என்றே எனக்கு நினைவில்லை. போன் அடித்தது.

"அக்கா! எங்கிருக்கீங்க?"

"மார்க்கெட்டுலதான். போன வையி புள்ள, ஏலம் ஆரம்பிக்குது."

சாயங்காலம் காலி மூட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். எனக்குக் கேட்கத் தயக்கம். அவரே சொன்னார்.

"வந்துச்சு புள்ள. பாதி வழியில நல்லாவே வந்துச்சு. கை மரத்துப்போச்சு. எறங்கிரு, எறங்கிருன்னு உள்ள ஒண்ணு கத்துது. வந்தா வா, நீயும் ஒரு டிக்கெட் எடுத்துக்கன்னு நின்னுக்கிட்டேன். தர்மபுரி வர்றதுக்குள்ள அதுவே எறங்கிப்போச்சு."

அந்தச் சனிக்கிழமை மாமா வந்தார். ஊரார் சொல்லி அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மறுநாள் காலை எழுந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மல்பெரிக்குத் தண்ணீர் திருப்பிவிட்டார்.

மாரியப்பன் அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய சீட்டு வீணாகவில்லை. தூக்கம் வந்தது, கோபம் குறைந்தது, வீட்டில் சண்டை நின்றது. அக்காவைப் போல அழாமலே அவருக்கு இவ்வளவும் கிடைத்தது. ஆனால் ஏணியில் பாதி ஏறியதும் நின்று மூச்சுப் பயிற்சி செய்வார், செய்துவிட்டு இறங்கிவிடுவார். பன்னிரண்டு வாரம் முடிந்த பிறகு அவருக்கும் மற்ற முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். தொட்டிக்குக் கீழே அவர் தட்டாமாலை சுற்றியபோது, "அண்ணே, உங்களுக்கு எந்த சாமி?" என்று அக்கா கேட்டுவிட்டுப் போனார். எது நல்ல முறை என்று நான் பூவிழி மேடத்திடம் கேட்டேன். எல்லா ஊர்த் தாள்களையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும், இதுவரை இரண்டிலுமே பலர் தேறியிருக்கிறார்கள் என்றார். தனக்குப் பிடித்த பதிலை அவசரப்பட்டுச் சொல்லாத அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்தது. என் அக்காவைப் பொறுத்தவரை எது என்பது எனக்குத் தெரியும். அந்தத் தாள்களை எழுதியவள் நான்.

இப்போது தோட்டத்தில் மல்பெரி இருக்கிறது. ஆனியிலிருந்து இதுவரை ஐந்து முறை அக்கா கூட்டை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். அதில் இரண்டு முறை வழியில் பயம் வந்தது. ஒரு முறைகூட நடுவில் இறங்கவில்லை. மாரியப்பன் அண்ணன் தொட்டி ஏணியில் முக்கால்வாசி ஏறுகிறார். நாளை மறுநாள் எங்கள் வீட்டில் கூடு இறக்குகிறோம். அக்காதான் எடுத்துப் போகிறார்.